ஜெர்மனியில் ஒரு செமஸ்டர்: கொங்குப் பிள்ளைகளுக்கு முதல் இரண்டு வார வழிகாட்டி

கோவை, ஈரோடு, திருப்பூர், சேலம் பக்கத்துக் கல்லூரிகளிலிருந்து ஒரு செமஸ்டர் எக்ஸ்சேஞ்சுக்கு ஜெர்மனி போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். விசா கிடைக்கும் வரைக்கும் ஆளாளுக்கு வழி சொல்வார்கள். அங்கே இறங்கிய பிறகு எதை முதலில் செய்வது என்று கேட்டால் சொல்ல ஆள் கிடைக்காது. நானும் அங்கே ஒரு குளிர்கால செமஸ்டர் படித்திருக்கிறேன். இப்போது கல்லூரியில் பிள்ளைகளைத் தயார்செய்து அனுப்புகிற வேலையும் பார்க்கிறேன். அவர்கள் அங்கிருந்து போன் போட்டுக் கேட்கிற கேள்விகள்தான் இந்தக் கட்டுரைக்கு அடிப்படை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அங்கே வேலைகள் நிறைய இருப்பது சிரமமில்லை. அவை ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்பதுதான் சிரமம். சாவி வந்தால்தான் முகவரி. முகவரியைப் பதிந்தால்தான் பல வங்கிகள் கணக்குத் திறக்கும். கணக்கு இருந்தால்தான் விசாவுக்காக முடக்கி வைத்த பணம் கைக்கு வரும், வாடகையும் காப்பீடும் கட்ட முடியும். இந்த வரிசையைப் பிடித்துக்கொண்டால் இரண்டு வாரத்தில் மூச்சு விட்டுவிடலாம். இடையில் ஒன்று நழுவினால் மற்றதெல்லாம் அதற்காகக் காத்திருக்கும்.

கிளம்பும் முன்பே முடிக்க வேண்டியவை

வந்து இறங்கும் நாளைத்தான் முதலில் தீர்மானிக்க வேண்டும். டிக்கெட் விலை குறைவு என்று வெள்ளிக்கிழமை சாயங்காலமோ சனிக்கிழமையோ போய் இறங்காதீர்கள். மாணவர் விடுதிகளை நடத்துவது ஸ்டுடியரெண்டன்வெர்க் என்ற அமைப்பு. அங்கே சாவி கொடுப்பவர் ஹவுஸ்மைஸ்டர், அதாவது கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிறவர். அவர் அலுவலகம் திறந்திருப்பது வார நாட்களில் சில மணி நேரம்தான். வெள்ளி மதியத்துக்கு மேல் போனால் திங்கள் காலை வரை சாவி கிடையாது. இரண்டு மூன்று இரவு பயணிகள் தங்கும் ஹாஸ்டலில் காசு கொடுத்துத் தங்க வேண்டிவரும். செவ்வாய் அல்லது புதன் காலையில் ஊருக்குள் போய்ச் சேருகிற மாதிரி பாருங்கள். கோவையிலிருந்து ஐரோப்பாவுக்கு நேர் விமானம் கிடையாது. சென்னை, பெங்களூரு, கொச்சி மாதிரி வேறு ஊர் வழியாக மாறித்தான் போக வேண்டும். அந்த மாற்று நேரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், அக்டோபர் 3 அங்கே தேசிய விடுமுறை, அலுவலகமும் கடையும் அடைத்திருக்கும். குளிர்கால செமஸ்டருக்குப் போகிற பலர் அதே வாரத்தில்தான் இறங்குகிறார்கள்.

சாவி வாங்கும் நேரத்தை விடுதி அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். உங்களால் வர முடியாவிட்டால் வேறொருவர் வாங்கி வைக்கலாமா என்றும் கேளுங்கள். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டு மாணவர் அலுவலகம் 'பட்டி' என்று ஒரு உள்ளூர் மாணவரைத் துணைக்குப் போடும். அதற்கு நீங்களே விண்ணப்பிக்க வேண்டும். கூச்சப்படாமல் விண்ணப்பியுங்கள். முதல் வாரத்தில் ஜெர்மன் மொழியில் வரும் கடிதத்தைப் படித்துச் சொல்ல ஓர் ஆள் இருப்பது பெரிய பலம்.

விடுதி கிடைக்காமல் வெளியில் அறை தேடுகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று: அறையை நீங்களோ உங்களுக்கு வேண்டியவரோ நேரில் பார்க்காமல் முன்பணம் அனுப்பாதீர்கள். "நான் வெளியூரில் இருக்கிறேன், பணம் போட்டால் சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன்" என்று யாராவது எழுதினால் அது ஏமாற்றுதான். வீட்டுக்காரரிடம் கட்டுகிற வைப்புத்தொகைக்கும் சட்டப்படி வரம்பு உண்டு. செலவுகள் சேராத மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்க முடியாது.

அடுத்தது பெயர். இனிஷியலோடு வளர்ந்த நமக்கு இது தனி விஷயம். பாஸ்போர்ட்டில் சர்நேம் என்ற இடத்தில் பெரும்பாலும் அப்பா பெயர் இருக்கும். கவிதா என்ற பெண்ணின் அப்பா பெயர் பழனிசாமி என்றால், அங்கே எல்லோருக்கும் அவர் 'ஃபிராவ் பழனிசாமி', அதாவது திருமதி பழனிசாமி என்கிற மாதிரி. அதில் தப்பில்லை, பழகிவிடும். ஆனால் விடுதி ஒப்பந்தம், காப்பீடு, வங்கி, பல்கலைக்கழகம் என எல்லா இடத்திலும் விசாவில் அச்சிட்டிருக்கிறபடியே, எழுத்துக்கு எழுத்து ஒரே மாதிரி கொடுங்கள். ஓரிடத்தில் 'கவிதா பி' என்றும் இன்னோரிடத்தில் 'பழனிசாமி கவிதா' என்றும் இருந்தால் ஒவ்வொரு கவுண்டரிலும் விளக்கம் சொல்ல வேண்டிவரும். சர்நேம் இடம் காலியாக இருக்கிறவர்கள் பல்கலைக்கழகத்துக்கு முன்கூட்டியே எழுதி, தங்கள் பெயரை எப்படிப் பதிவார்கள் என்று கேட்டு வைப்பது நல்லது.

பெட்டியில் எதை வைப்பது? விடுதி அறையில் கட்டிலும் மெத்தையும் மேசையும் இருக்கும். போர்வை, தலையணை, விரிப்பு பெரும்பாலும் இருக்காது. களைத்துப்போய் இறங்குகிற அன்றைக்கு அதைத் தேடிக் கடைக்கு ஓட வேண்டாம். ஒரு சென்னிமலைப் போர்வையையும் காற்று ஊதுகிற தலையணை ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். பவானி ஜமக்காளம் எனக்கும் ஆசைதான், எடை தாங்காது. உள்ளே போடுகிற தெர்மல் உடைகளைத் திருப்பூரிலேயே வாங்கிவிடலாம், விலை குறைவு. குளிருக்கான மேல்ஜாக்கெட்டையும் நனையாத ஷூவையும் அங்கே போய் வாங்குங்கள். அந்தக் குளிருக்கென்றே தைத்தது அங்கேதான் கிடைக்கும்.

சாப்பாட்டுச் சாமானில் ஒரு சட்ட விஷயம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிற பயணிகள் இறைச்சியும் பால் பொருட்களும் கொண்டுபோகத் தடை. ஊத்துக்குளி வெண்ணெய், அம்மிச்சி உருக்கிக் கொடுத்த நெய், பால்கோவா எல்லாம் இதில் அடங்கும். சுங்கத்தில் பிடித்தால் வாங்கிப் போட்டுவிடுவார்கள். பச்சைக் கறிவேப்பிலையும் மாம்பழமும் தாவர நலச் சான்று இல்லாமல் கொண்டுபோகக் கூடாது. மஞ்சள்தூள், சாம்பார்பொடி, கொள்ளுப்பொடி, பருப்புப்பொடி, செலவு ரசத்துக்கு வறுத்து அரைத்த பொடி, புளி, எண்ணெய் ஊறுகாய் இவையெல்லாம் போதும். ஈரோட்டு மஞ்சள் கால் கிலோ எடுத்துப் போனால் செமஸ்டர் முழுக்க வரும். பொடிப் பொட்டலங்களைக் கடை முத்திரையோடு வைத்துக்கொண்டால் கேள்வி குறையும்.

மின்சாரம் நம்முடைய அதே 230 வோல்ட்தான். இரண்டு பின் சார்ஜர் அப்படியே பொருந்தும். மூன்று பின் பிளக் பொருந்தாது, அடாப்டர் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். குக்கர் எடுத்துப் போகிறவர்கள் அடி தட்டையானதாக எடுங்கள். அங்கே கேஸ் அடுப்பு அரிது, கண்ணாடி மேல்தளம் போட்ட மின்சார அடுப்புதான்.

பணம்: செலவுக்குப் பணம் இருக்கிறது என்று காட்ட முன்கூட்டியே போட்டு வைக்கிற முடக்கக் கணக்குக்கு விசா விதிப்படி மாதம் 992 யூரோ கணக்குப் பார்ப்பார்கள், ஆறு மாதத்துக்கு 5,952. அந்தப் பணம் இறங்கிய அன்றே கைக்கு வராது. அங்கே ஒரு நடப்புக் கணக்கு திறந்து அதை இணைத்த பிறகுதான் மாதா மாதம் வரும். அதுவரைக்கும் வாடகை, வைப்புத்தொகை, சாப்பாடு எல்லாம் உங்கள் ஃபாரெக்ஸ் கார்டிலிருந்துதான், அதாவது இங்கேயே யூரோ ஏற்றிக்கொண்டு போகிற அட்டையிலிருந்துதான் போக வேண்டும். கார்டில் 1,000 யூரோவாவது இருக்கட்டும். வைப்புத்தொகை பெரிதாக இருந்தால் அதையும் சேர்த்து வையுங்கள். ரொக்கமாக 200 யூரோ, அதுவும் சின்ன நோட்டுகளாக. சின்னக் கடைகள் சிலவற்றில் இன்னும் ரொக்கம் மட்டும்தான். அப்புறம் உங்கள் இந்திய சிம்மை விட்டுவிடாதீர்கள். இங்குள்ள வங்கியின் ஓடிபி அதற்குத்தான் வரும். கிளம்பும் முன் சர்வதேச ரோமிங்கை இயக்கி வையுங்கள்.

இறங்கிய நாள்

அன்றைக்குச் செய்ய வேண்டியது மூன்றே மூன்று: சாவி, சாப்பாடு, வீட்டுக்கு ஒரு போன். மற்றதெல்லாம் மறுநாள்.

சாவி வாங்கும்போது அறையின் நிலையைக் குறித்த ஒரு தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். அவசரப்படாமல் சுற்றிப் பாருங்கள். மேசையில் கீறல், சுவரில் ஆணி ஓட்டை, கறை பிடித்த மெத்தை, உடைந்த ஜன்னல் கைப்பிடி எதுவானாலும் தாளில் எழுதச் சொல்லுங்கள். போட்டோவும் எடுத்து அன்றைக்கே மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். போகும்போது அதற்கான காசை உங்கள் வைப்புத்தொகையிலிருந்து பிடிக்காமல் இருக்க அதுதான் சாட்சி. அதே நேரத்தில் 'வோனுங்ஸ்கேபர்பெஷ்டெடிகுங்' என்ற தாளையும் கேட்டு வாங்குங்கள். நீங்கள் இந்த முகவரியில் குடியேறியிருக்கிறீர்கள் என்று வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டுத் தரும் ஒற்றைத் தாள் அது. இது இல்லாமல் அடுத்த படி நகராது.

தபால் பெட்டியிலும் அழைப்பு மணியிலும் உங்கள் பெயர் இருக்க வேண்டும். இதைப் பலர் சாதாரணமாக விட்டுவிடுகிறார்கள். அங்கே தபால்காரர் அறை எண்ணைப் பார்ப்பதில்லை, பெட்டியில் ஒட்டிய பெயரைத்தான் பார்ப்பார். பெயர் இல்லையென்றால் கடிதம் திரும்பிப் போய்விடும். வங்கி அட்டை, அதன் ரகசிய எண், காப்பீட்டு அட்டை, வரி எண் எல்லாம் தபாலில்தான் வரும். ஹவுஸ்மைஸ்டர் பெயர்ச்சீட்டு மாட்ட நாளாகும் என்றால், நீங்களே ஒரு தாளில் தெளிவாக எழுதி டேப் போட்டு அன்றைக்கே ஒட்டிவிடுங்கள்.

சாப்பாட்டுக்குப் பக்கத்தில் ஆல்டி, லிடில், ரேவே, எடெக்கா என்று ஏதாவது ஒரு சூப்பர் மார்க்கெட் இருக்கும். ரொட்டி, தயிர், முட்டை, பழம், அரிசி வாங்கிக்கொள்ளுங்கள். சொந்தப் பை கொண்டுபோங்கள். குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். கேன் தண்ணீர் சுமக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை கடைகள் எல்லாம் அடைப்பு. பெரிய ரயில் நிலையத்துக்குள் இருக்கிற கடைகள் மாதிரி சில மட்டும் திறந்திருக்கும். சனிக்கிழமையே இரண்டு நாளைக்கு வாங்கிவைக்கும் பழக்கம் வந்துவிட்டால் பிரச்சினை இல்லை.

இணையத்துக்கு ஒரு வழி. உங்கள் கல்லூரியில் எஜுரோம் என்ற, பல நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கும் பொதுவான வைஃபை இருந்தால் இங்கேயே போனில் அமைத்துக்கொண்டு போங்கள். அங்குள்ள பல்கலைக்கழக வளாகத்தில் கால் வைத்ததும் தானாக இணைந்துவிடும். ப்ரீபெய்டு சிம் சூப்பர் மார்க்கெட்டிலேயே கிடைக்கும். பாஸ்போர்ட்டைக் காட்டி அடையாளம் சரிபார்த்த பிறகுதான் வேலை செய்யும்.

முகவரிப் பதிவு

குடியேறி இரண்டு வாரத்துக்குள் முகவரியை நகர அலுவலகத்தில் பதிய வேண்டும். 'அன்மெல்டுங்' என்பார்கள். ஜெர்மானியர்களும் வீடு மாறும்போதெல்லாம் செய்வதுதான், வெளிநாட்டுக்காரர் என்பதற்காகக் கேட்பதில்லை. நம்மூரில் ரேஷன் கார்டு எப்படி எல்லாவற்றுக்கும் ஆதாரமாக நின்றதோ, அங்கே இந்தப் பதிவுச் சான்று அப்படி நிற்கும்.

பெரிய ஊர்களில் இதற்கு நேரம் கிடைப்பதுதான் கடினம். இங்கே இருக்கும்போதே நகர நிர்வாகத்தின் தளத்தில் போய்த் தேதி பிடியுங்கள். இரண்டு வாரத்துக்குள் தேதியே இல்லை என்றால், கிடைக்கிற முதல் தேதியைப் பதிவுசெய்து, உறுதி மின்னஞ்சலை எடுத்து வையுங்கள்; முயற்சி செய்தீர்கள் என்பதற்கு அது சான்று. காலையில் அலுவலகம் திறக்கிற நேரத்தில் தளத்தைத் திறந்தால் யாராவது ரத்துசெய்த இடம் கிடைப்பதுண்டு. சில பல்கலைக்கழகங்கள் அறிமுக வாரத்தில் நகர அலுவலர்களையே வளாகத்துக்கு வரவழைக்கும். அதையும் விசாரியுங்கள்.

கொண்டுபோக வேண்டியவை: விசா ஒட்டிய பாஸ்போர்ட், வீட்டுக்காரர் கொடுத்த அந்த ஒற்றைத் தாள், நிரப்பிய படிவம். வாடகை ஒப்பந்தத்தை மட்டும் கொண்டுபோனால் போதாது. படிவத்தில் மதம் என்று ஒரு கட்டம் இருக்கும். அங்கே கிறிஸ்தவ சபைகள் போன்ற சில சமயங்களின் உறுப்பினர்களிடமிருந்து வரியோடு சேர்த்துச் சபைவரி பிடிக்கிறார்கள். அதற்காகத்தான் அந்தக் கேள்வி. எழுதும் முன் அலுவலரிடம் கேட்டுத் தெளிவாகிக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் ஒரு தாள் அச்சடித்துத் தருவார்கள். அங்கேயே நின்று பெயர், பிறந்த தேதி, ஊர் எல்லாம் சரியாக இருக்கிறதா பாருங்கள். திருத்துவதற்கு மறுபடி ஒரு தேதி பிடிக்க வேண்டிய நிலை வரக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி வையுங்கள்.

பதிந்த சில வாரத்தில் வரி அடையாள எண் தபாலில் வரும். பகுதிநேர வேலைக்குப் போனால் அது வேண்டும். படிப்புக்கான விசாவில் வருடத்துக்கு 140 முழு நாட்கள் அல்லது 280 அரை நாட்கள் வேலை செய்ய 2024 மார்ச்சிலிருந்து அனுமதி இருக்கிறது. உங்கள் விசாத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பார்த்துவிட்டு இறங்குங்கள். ஒரு செமஸ்டருக்கு மட்டும் போகிறவர்கள் முதல் மாதத்தில் வேலை தேடவே வேண்டாம் என்பது என் கருத்து.

இன்னொரு கடிதமும் வரும். வானொலி, தொலைக்காட்சிக்கான கட்டணம், ஒரு வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ. டிவி இல்லாவிட்டாலும் கட்ட வேண்டும். யாரோ ஏமாற்றுகிறார்கள் என்று கிழித்துப் போடாதீர்கள், நிலுவை ஏறும். ஒரே ஒப்பந்தத்தில் நாலு பேர் தங்குகிற வீட்டில் ஒருவர் கட்டினால் போதும், பங்கிட்டுக்கொள்ளலாம். அந்த வீட்டில் ஏற்கெனவே யார் கட்டுகிறார் என்று கேட்டு அவருடைய எண்ணைப் பதிலாக எழுதி அனுப்புங்கள்.

விசா எதுவரைக்கும் செல்லும் என்று தேதியைப் பாருங்கள். நீங்கள் தங்கும் காலம் முழுவதையும் அது தாங்கினால் சரி. தாங்காது என்றால் வெளிநாட்டவர் அலுவலகத்தில் தங்கும் அனுமதிக்கு முதல் வாரத்திலேயே விண்ணப்பம் போடுங்கள். அங்கே வரிசை நீளம்.

வங்கியும் காப்பீடும்

முகவரிச் சான்று வந்த அன்றே வங்கிக் கணக்குக்கு விண்ணப்பியுங்கள். மாணவர் கணக்குக்குப் பல வங்கிகளில் மாதக் கட்டணம் கிடையாது. ஐபான் எண், அதாவது அங்குள்ள முறையில் உங்கள் கணக்கு எண், கிடைத்ததும் மூன்று இடத்துக்குக் கொடுக்க வேண்டும்: முடக்கக் கணக்கு நிறுவனம், விடுதி, காப்பீடு. வாடகை பெரும்பாலும் உங்கள் கணக்கிலிருந்து தானாக எடுத்துக்கொள்ளப்படும். மாதத் தொடக்கத்தில் கணக்கில் பணம் இல்லாவிட்டால் திரும்பி, அதற்குத் தனிக் கட்டணம் விழும்.

உடல்நலக் காப்பீடு இல்லாமல் பல்கலைக்கழகத்தில் சேர்க்கை முடியாது. 30 வயதுக்குக் கீழே இருந்தால் பொதுக் காப்பீட்டில் மாணவர் கட்டணம் உண்டு. மாதம் 140 யூரோவைத் தாண்டும். நீங்கள் சேர்ந்துவிட்டீர்கள் என்ற தகவலைக் காப்பீட்டு நிறுவனமே பல்கலைக்கழகத்துக்கு மின்னணு முறையில் அனுப்பும். ஊரிலிருந்து பயணக் காப்பீடு மட்டும் எடுத்துக்கொண்டு போய் அதுவே போதும் என்று இருக்காதீர்கள். போதுமா இல்லையா என்று சேர்க்கை அலுவலகத்தைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

உடம்புக்கு முடியாமல் போனால்: உயிருக்கு ஆபத்தான அவசரம், தீ விபத்து எதற்கும் 112. போலீஸ் 110. இரவிலோ வார இறுதியிலோ காய்ச்சல் மாதிரி என்றால் 116117 என்ற எண்ணில் மருத்துவர் சேவை உண்டு. பாராசிட்டமால்கூட அங்கே சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்காது, மருந்துக்கடைக்குத்தான் போக வேண்டும். உங்களுக்குப் பழக்கமான மாத்திரைகளை மருத்துவர் சீட்டோடு கொண்டுபோங்கள்.

அறையும் அடுப்பும்

அறைக்குள் ஜன்னலுக்குக் கீழே ஒரு ஹீட்டர் இருக்கும், பக்கவாட்டில் ஒரு திருகு. அதில் ஒரு பனிநட்சத்திரக் குறியும் 1 முதல் 5 வரை எண்களும் போட்டிருக்கும். 5-இல் வைத்தால் சீக்கிரம் சூடாகும் என்று நினைக்கிறோம். அப்படியில்லை. எண் என்பது அறை எந்த வெப்பத்துக்கு வந்ததும் நிற்க வேண்டும் என்பதற்கான குறி மட்டும்தான். 3 என்றால் ஏறக்குறைய 20 டிகிரி. அதிலேயே வைத்துவிட்டுக் காத்திருங்கள். வெளியூர் போகும்போது நட்சத்திரக் குறியில் வைத்தால் குழாய் உறையாமல் காக்கும்.

குளிருக்குப் பயந்து ஜன்னலைத் திறக்காமலே இருந்தால் சமையல் ஆவியும் துணி காயப்போட்ட ஈரமும் சுவரில் படிந்து கரும்பூஞ்சை பிடிக்கும். வைப்புத்தொகையில் கை வைக்கிற முதல் காரணம் அதுதான். காலையும் மாலையும் ஹீட்டரை நிறுத்திவிட்டு ஜன்னலை முழுக்க ஐந்து பத்து நிமிடம் திறந்து வையுங்கள், அப்புறம் மூடிவிட்டு ஹீட்டரைப் போடுங்கள். நாள் முழுக்கச் சாய்த்துத் திறந்து வைப்பதில் சூடு வீணாகுமே தவிர ஈரம் போகாது.

அடுத்தது தாளிப்பு. பொதுச் சமையலறையை ஒட்டிய நடையில் புகை அறிவிப்பான் இருக்கும். வரமிளகாய் கருகுகிற புகை போனால் கட்டடமே கீழே இறங்கி நிற்கும்; தீயணைப்பு வண்டி வந்தால் செலவை உங்கள் தலையில் கட்டவும் வாய்ப்புண்டு. மேலே இருக்கிற புகைபோக்கியைப் போட்டு, ஜன்னலைத் திறந்து, நடைக்குப் போகிற கதவை மூடிவிட்டுத் தாளியுங்கள். எண்ணெயை அதிகம் காயவிடாதீர்கள். கண்ணாடி அடுப்பு, அணைத்த பிறகும் சில நிமிடம் கொதிநிலையிலேயே இருக்கும். நம் கேஸ் அடுப்பு மாதிரி நினைத்து வாணலியை அப்படியே விட்டால் கடுகு கருகிவிடும், நகர்த்தி வைக்க வேண்டும்.

முதல் வாரத்துக்கு அரிசிம்பருப்புச் சாதத்தைவிடத் தோதான சமையல் இல்லை. ஒரே பாத்திரம், அரைமணி நேரம், மறுநாள் டப்பாவுக்கும் ஆகும். ஒரு டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளருக்குக் கொஞ்சம் மேலே துவரம்பருப்பு, கழுவி ஊறவையுங்கள். குக்கரில் எண்ணெய் விட்டுக் கடுகு, சீரகம், கறிவேப்பிலை, வரமிளகாய், பூண்டு, வெங்காயம். சின்ன வெங்காயத்துக்குப் பதிலாக ஷாலோட் என்று விற்பது ஒத்துவரும். தக்காளி ஒன்று, மஞ்சள்தூள், சாம்பார்பொடி போட்டு வதக்கி, மூன்றரை டம்ளர் தண்ணீர், உப்பு. மூன்று விசில் வந்ததும் குக்கரை அடுப்பிலிருந்து தள்ளி வைத்துவிடுங்கள். விசில் சத்தம் கேட்டுப் பழகாதவர்கள் பயந்துவிடுவார்கள், கூட இருப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒரு கரண்டி அவர்களுக்கும் கொடுத்தீர்களானால் சமையலறையில் உங்களுக்கு நண்பர்கள் கிடைத்த மாதிரி.

'மில்ஷ்ரைஸ்' என்று பாக்கெட்டில் பார்த்தால் எடுக்காதீர்கள், பாயசத்துக்கான குழைகிற அரிசி அது. துவரம்பருப்பும் பொன்னி அரிசியும் முருங்கைக்காயும் பச்சைக் கறிவேப்பிலையும் ஆசியக் கடைகளில், முக்கியமாக ஈழத் தமிழர் நடத்துகிற கடைகளில் கிடைக்கும். பெரிய ஊர்களில் ஒன்றாவது இருக்கும். உள்ளே போனதுமே "எந்த இடம் தம்பி?" என்று தமிழிலேயே கேட்பார்கள். எண்பதுகளிலிருந்து போரின் காரணமாகப் போய்க் குடியேறியவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் அவர்கள். ஹாம் நகரில் 2002-இல் திறந்த காமாட்சி அம்மன் கோயில் அவர்கள் எழுப்பியதுதான், தென்னிந்தியக் கோபுரத்தோடு. கோடையில் படிக்கப் போகிறவர்கள் தேர்த்திருவிழாவை விசாரித்துப் போய்வாருங்கள்.

குப்பையைப் பிரித்துப் போடுவது கட்டாயம். பெரும்பாலான ஊர்களில் மஞ்சளில் பிளாஸ்டிக், டப்பா, நீலத்தில் காகிதம், பழுப்பில் காய்கறிக் கழிவு, மீதி கறுப்பில். கண்ணாடிப் பாட்டில் தெருமுனைப் பெட்டியில், ஞாயிற்றுக்கிழமை தவிர்த்து. பிளாஸ்டிக் பானப் பாட்டிலையும் கேனையும் குப்பையில் போடாதீர்கள். வாங்கும்போதே 25 சென்ட் முன்பணம் கட்டியிருக்கிறீர்கள், சூப்பர் மார்க்கெட் இயந்திரத்தில் போட்டால் சீட்டு வரும், பில்லில் கழித்துக்கொள்ளலாம். இரவு 10 முதல் காலை 6 வரையும் ஞாயிறு முழுக்கவும் சத்தம் கூடாது. மிக்சி, வாக்யூம் கிளீனர் எல்லாம் சனிக்கிழமையோடு.

பஸ், ரயில்

செமஸ்டர் கட்டணத்திலேயே நாடு முழுக்கச் செல்லும் மாணவர் டிக்கெட் பல பல்கலைக்கழகங்களில் சேர்ந்திருக்கும். ஆனால் அது செமஸ்டர் தொடங்கும் நாளிலிருந்துதான், பெரும்பாலும் அக்டோபர் 1 அல்லது ஏப்ரல் 1-லிருந்துதான் செல்லும். முன்னாலேயே போய்விட்டால் தனி டிக்கெட் எடுக்க வேண்டும். மாதச் சந்தாவாக வாங்கும் டாய்ச்லாண்ட் டிக்கெட் 2026 ஜனவரியிலிருந்து 63 யூரோ. இரண்டுமே உள்ளூர், வட்டார வண்டிகளுக்குத்தான். ஐசிஇ, ஐசி விரைவு ரயில்களில் செல்லாது. நடத்துநர் யாரும் இல்லையே என்று டிக்கெட் இல்லாமல் ஏறினால், சாதாரண உடையில் வரும் பரிசோதகர் 60 யூரோ அபராதம் போடுவார். நடைபாதையில் சிவப்பாகவோ கோடு போட்டோ பிரித்திருப்பது சைக்கிள் பாதை, அதில் நின்று செல்ஃபி எடுக்காதீர்கள்.

வீட்டாரோடு

நேர வித்தியாசம் கோடையில் மூன்றரை மணி, குளிர்காலத்தில் நாலரை. அக்டோபர் கடைசி ஞாயிறும் மார்ச் கடைசி ஞாயிறும் கடிகாரம் மாறும். அங்கே இரவு ஏழு மணிக்குச் சாவகாசமாகக் கூப்பிட்டால் குளிர்காலத்தில் இங்கே பதினொன்றரை. அப்பா அம்மா தூக்கத்தை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மதியம் இரண்டு மணி வாக்கில் பேசினால் இங்கே ஆறரை, பால் கறந்து முடித்து வீட்டில் எல்லோரும் இருக்கிற நேரம். "ஏனுங் கண்ணு, சாப்புட்டீங்களா?" என்று அப்புச்சி கேட்கும்போது என்ன சாப்பிட்டீர்கள் என்று விவரமாகச் சொல்லுங்கள். அவருக்கு வேண்டியது அதுதான். தினமும் பேசுவதாகச் சொல்லிவிட்டு இரண்டு நாள் பேசாமல் இருப்பதைவிட, வாரத்தில் இன்னின்ன நாள் என்று முடிவுசெய்துகொண்டால் இரண்டு பக்கமும் நிம்மதி.

நவம்பரில் இருட்டு சீக்கிரம் வரும். டிசம்பரில் நாலரை மணிக்கே சூரியன் போய்விடும். கொங்கு வெயிலில் வளர்ந்தவர்களுக்கு இது மனதைப் பிடித்து இழுக்கும், அது உங்கள் பலவீனம் இல்லை. மதியத்தில் ஒரு மணி நேரமாவது வெளியே நடங்கள். பல்கலைக்கழக விளையாட்டு வகுப்புகளில் சேருங்கள். கட்டணம் குறைவு, முதல் வாரத்திலேயே இடம் நிரம்பிவிடும். மனம் தொடர்ந்து சரியில்லை என்றால் மாணவர் ஆலோசனை மையம் இலவசம், ஆங்கிலத்திலும் பேசுவார்கள். ஊரில் தெரிந்துவிடுமோ என்ற பயமே வேண்டாம்.

வகுப்பும் தேர்வும்

கால அட்டவணையில் நேரத்துக்குப் பக்கத்தில் 'சி.டி.' என்று இருந்தால் பதினைந்து நிமிடம் கழித்துத்தான் வகுப்பு. 10 என்றால் 10.15. 'எஸ்.டி.' என்றால் சரியாகப் பத்து. பேராசிரியருக்கு மின்னஞ்சல் எழுதும்போது முழுப் பட்டத்தோடு குடும்பப் பெயரைப் போட்டு எழுதுங்கள். வேண்டியதை முதல் இரண்டு வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

இங்கிருந்து ஒப்புக்கொண்டு போன பாடங்களில் ஒன்றிரண்டு அங்கே அந்த செமஸ்டரில் நடக்காது, அல்லது நேரம் மோதும், அல்லது ஜெர்மனில் மட்டும் இருக்கும். எல்லோருக்கும் நடப்பதுதான். மாற்றுப் பாடத்தைத் தேர்ந்தெடுத்ததும் பாடத்திட்டப் பக்கத்தை இணைத்து உங்கள் துறைத்தலைவருக்கு எழுதி, 'இந்தப் பாடத்துக்கு இது ஈடு' என்று பதில் வாங்கி வையுங்கள். போனில் சரி என்று சொன்னது மதிப்பெண் மாற்றும்போது நிற்காது. முழுச் சுமை ஒரு செமஸ்டருக்கு 30 ஈசிடிஎஸ், அதாவது ஐரோப்பியப் பாடப் புள்ளி (நம்மூர் கிரெடிட் மாதிரி). ஒரு புள்ளிக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு. உங்கள் கல்லூரி எவ்வளவு கேட்கிறதோ அதற்கு ஒரு பாடம் மட்டும் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்று கைவிட்டாலும் சமாளிக்கலாம்.

வகுப்பில் பெயர் இருந்தாலே தேர்வு எழுதலாம் என்று நினைக்காதீர்கள். தேர்வுக்குத் தனியாகப் பதிய வேண்டும், அதற்குக் கடைசி நாள் உண்டு, அது போனால் அந்த செமஸ்டரில் எழுத முடியாது. முதல் வாரத்திலேயே அந்தத் தேதியைப் போனில் போட்டு வையுங்கள். மதிப்பெண் முறையும் தலைகீழ்: 1.0 முதலிடம், 4.0 தேர்ச்சியின் கடைசிப் படி, 5.0 தோல்வி. 1.3 வாங்கினேன் என்று சொன்னால் வீட்டில் முகம் வாடும், முன்பே விளக்கிவிடுங்கள்.

குளிர்கால செமஸ்டரின் தேர்வுகள் பெரும்பாலும் பிப்ரவரியில் நடக்கும். மதிப்பெண் பட்டியல் வர அதற்கு மேலும் வாரங்கள் ஆகும், நீங்கள் ஊர் திரும்பியிருப்பீர்கள். அதை நேரடியாக நம் கல்லூரிக்கு அனுப்புவார்களா, உங்களுக்கு மின்னஞ்சலில் வருமா என்று வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் இப்போதே கேளுங்கள். இங்கே அடுத்த செமஸ்டர் பதிவுக்கு அது தாமதமாகும் என்பதைத் துறைக்கும் எழுதி வையுங்கள். கிளம்பும் முன் அதே நகர அலுவலகத்தில் முகவரியை நீக்கிப் பதிய வேண்டும். அந்த நீக்கச் சான்று இருந்தால்தான் காப்பீட்டையும் வானொலிக் கட்டணத்தையும் நிறுத்த முடியும். வைப்புத்தொகை விடுதியிலிருந்து திரும்பி வரும் வரைக்கும் வங்கிக் கணக்கை மட்டும் மூடாதீர்கள்.